இடது கண்ணா, இடது பக்கமா?

“இடது கண்ணு சரியாத் தெரியலத்தா” என்று யாராவது வந்து உட்கார்ந்தால் அதை உடனே கேஸ் ஷீட்டில் எழுத மாட்டேன். முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொல்வேன். “இப்ப வலது கண்ணு மட்டும்தான் திறந்திருக்கு. இப்பவும் இடது பக்கம் ஆள் வர்றது தெரியலையா?” என்று கேட்பேன். “இப்பத் தெரியுது” என்றால் கோளாறு இடது கண்ணில். “இப்பவும் தெரியலையே” என்று சொல்லிவிட்டு அவரே குழப்பமாக என்னைப் பார்த்தால், சரி, இது கண் சமாச்சாரம் இல்லை, தலைக்குள் போய்த் தேட வேண்டியது.

நான் ராமநாதபுரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். சொந்த ஊர் மண்டபம் பக்கம். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வருகிறவர்களுக்கு நான் டாக்டரம்மாதான். பவர் பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த வேலை ஃபீல்டு டெஸ்ட். பார்வையின் கூர்மையை விட்டுவிட்டு, அதன் பரப்பை அளக்கிற சோதனை. நேரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருக்கும்போது ஒரு கண்ணுக்கு வெளிப்பக்கம் சுமார் 90 டிகிரிக்கும் மேல், மூக்குப் பக்கம் 60, மேலே 60, கீழே 70 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும். இந்தப் பரப்பில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்தால், கண்ணிலிருந்து பின்மண்டை வரை ஓடுகிற பாதையில் எந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஸ்கேன் அதற்கு அப்புறம்தான்.

முதலில் மெஷினைப் பற்றி. பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி மின்னும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வழக்கமாக நாங்கள் எடுக்கும் 24-2 என்ற சோதனையில் 54 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரை தெரிகிறது என்று மெஷின் கணக்கெடுத்து, தெரியாத இடங்களைக் கறுப்பாகக் காட்டி ஒரு தாளில் அச்சிடும். ஒரு கண்ணுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த ஐந்தாறு நிமிடம், இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு மீனை ஏலம் போட்ட கையோடு நேரே பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு யுகம். இருட்டறை, ஏசி, தாடைக்கு முட்டு. குறட்டை வந்துவிடும். அவர் தாளில் பாதிக்கு மேல் கறுப்பாக வரும். அது தூக்கத்தின் படம், நோயின் படம் இல்லை. அதனால் கடலுக்குப் போகாத நாளில் வரச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் எங்கள் ஃபீல்டு அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் கிடைக்காது.

இன்னொரு வகையினர், அழுத்தினால் மார்க் என்று நினைத்து வெளிச்சம் வராவிட்டாலும் அழுத்திக்கொண்டே இருப்பவர்கள். மெஷின் அதையும் பிடித்துவிடும். நம் கண் நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்கள் கிடையாது. அதனால் எல்லோருக்கும் பார்வையின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் சுமார் 15 டிகிரியில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. மெஷின் வேண்டுமென்றே அந்தப் புள்ளிக்குள் அவ்வப்போது வெளிச்சத்தைப் போடும். அங்கே ‘தெரிகிறது’ என்று அழுத்தினால் சும்மா அழுத்துகிறார், இல்லையென்றால் கண் நடுப்புள்ளியை விட்டு அலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

குருட்டுப் புள்ளியை நீங்களே பார்க்கலாம். பார்க்கலாம் என்பதைவிட, பார்க்காமல் இருக்கலாம். இடது கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் ஏதாவது ஒன்றை வலது கண்ணால் விடாமல் பாருங்கள். வலது கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை அதன் நேரே வைத்து, மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விரல் நுனி காணாமல் போகும். அந்த ஓட்டையின் அகலம் முழுநிலவைப் போலப் பத்து மடங்கு. பிரான்ஸில் மாரியாத் என்பவர் 1660களில் கண்டு சொல்லும்வரை, இப்படி ஒன்று தங்கள் கண்ணிலேயே இருப்பது யாருக்கும் தெரியாது. காரணம், அங்கே கறுப்பாக எதுவும் தெரிவதில்லை. மூளை சுற்றியிருப்பதை வைத்து அதை நிரப்பிவிடுகிறது. நோயால் விழுகிற ஓட்டையும் பெரும்பாலும் அப்படித்தான். “கறுப்பா ஏதாவது மறைக்குதா?” என்று கேட்டால் “இல்லையே” என்பார்கள். நம் முதுகுக்குப் பின்னால் கறுப்பாகவா தெரிகிறது? எதுவுமே தெரிவதில்லை, அவ்வளவுதான். அதனால் நான் “எதிலாவது இடிச்சுக்கிறீங்களா, எந்தப் பக்கம்?” என்று கேட்பேன்.

இனி தாளைப் படிக்கும் விஷயம். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தாளைக் கையில் எடுத்ததும் எண்களுக்குள் போய்விடுகிறார்கள். எண்ணை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு தாளையும், இடது கண்ணுடையதை இடப்பக்கமும் வலது கண்ணுடையதை வலப்பக்கமும், பக்கத்தில் பக்கத்தில் வை என்பேன். ஒற்றைத் தாளைப் பார்த்துத் தலைக்குள் இடம் சொல்லவே முடியாது. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எங்கள் கடலில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ராமேஸ்வரம் டிவி டவர், 323 மீட்டர் உயரம், எங்கிருந்தும் தெரியும். அதை ஒரு கோயில் கோபுரத்தோடோ பனைக்கூட்டத்தோடோ நேராக்கினால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் எங்கே வலை போடுவது? வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளத்தை நேராக்கி இன்னொரு கோடு பிடிப்பார்கள். இரண்டும் வெட்டுகிற இடம்தான் பார். இரண்டு கண்ணின் தாளும் அதே கணக்குத்தான்.

அடுத்த கேள்வி: ஓட்டை எந்தக் கோட்டில் சட்டென்று நிற்கிறது? நடுவில் படுக்கையாக ஓடும் கோட்டிலா, நெட்டாக ஓடும் கோட்டிலா? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பாதி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கண்ணுக்குள் நரம்பிழைகள் விழித்திரையின் வெளிப்பக்கத்திலிருந்து வரும்போது நடுமையத்தைச் சுற்றிக்கொண்டு வில் போல வளைந்து நரம்புக்குள் நுழைகின்றன. மேல் பாதி இழைகள் மேலாக, கீழ்ப் பாதி இழைகள் கீழாக. இரண்டும் படுக்கைக் கோட்டைத் தாண்டிக் கலப்பதில்லை. அதனால் நரம்பின் கீழ்ப்பகுதி அரிக்கப்பட்டால், பார்வையில் மேல் பாதியில் வில் வடிவ ஓட்டை விழுந்து படுக்கைக் கோட்டில் வந்து நின்றுவிடும். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால் கீழ் நரம்பு போனால் மேல் பார்வை போகும். கண் நரம்பை மெல்ல அரிக்கும் குளுகோமா நோயின் கையெழுத்து இது. நான் எடுக்கும் தாள்களில் பெரும்பகுதி இதுதான். கொடுமை என்னவென்றால் ஒரு கண்ணின் ஓட்டையை மறு கண் மூடிவிடும், நடுப்பார்வை கடைசி வரை நிற்கும், எழுத்துப் பலகையில் 6/6 படிப்பார். ஒரு நாள் வரப்பில் கால் இடறும்போதுதான் வருவார்.

சர்க்கரையும் பிபியும் உள்ள ஒருவர், “ராத்திரி நல்லாத்தான் படுத்தேன், காலைல எழுந்திருச்சா இந்தக் கண்ணுல கீழ் பாதி இல்ல” என்று வந்தால், அதுவும் படுக்கைக் கோட்டுக் கதைதான். நரம்பின் முனைக்கு ரத்தம் போகவில்லை. இளம்பெண் ஒருத்திக்குக் கண்ணை அசைத்தால் வலி, நடுவில் மட்டும் மங்கல் என்றால் நரம்பு அழற்சியை நினைக்க வேண்டும். இவை எல்லாம் ஒற்றைக் கண்ணின் கதைகள்.

நெட்டுக் கோட்டில் நின்றால் கதை மாறுகிறது. இரண்டு கண் நரம்பும் மூளைக்கு அடியில் சந்திக்கும் இடத்துக்குக் கயாஸ்மா என்று பெயர். அங்கே ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்க விழித்திரையிலிருந்து வரும் இழைகள் மட்டும் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், நூறில் 53 என்பார்கள். மற்றவை தாண்டாமல் அதே பக்கம் போகின்றன. விளைவு: கயாஸ்மாவைத் தாண்டியதும் வலது கண், இடது கண் என்ற கணக்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் இடது உலகம், வலது உலகம்தான். நாம் பார்க்கும் காட்சியின் இடது பாதி, இரண்டு கண்ணிலிருந்தும், மூளையின் வலது பக்கத்துக்குப் போகிறது.

தாண்டும் இழைகள் நடுவில் இருப்பதால், கயாஸ்மாவை நடுவில் ஏதாவது அழுத்தினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி போகும். வண்டிக் குதிரைக்குக் கட்டும் மறைப்பு மாதிரி என்று பாடத்தில் சொல்வார்கள். எனக்கு அந்த உவமையில் திருப்தி இல்லை, குதிரைக்காவது மறைப்பு இருப்பது தெரியும். பிட்யூட்டரி சுரப்பி கயாஸ்மாவுக்குக் கீழே சுமார் ஒரு சென்டிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. அதில் கட்டி வளர்ந்தால் கீழிருந்து முட்டும். அதனால் வெளிப்பக்க மேல் மூலைகள் முதலில் மங்கும். மேலிருந்து அழுத்தும் கட்டியாக இருந்தால் கீழ் மூலைகள் முதலில் போகும். தாளைப் பார்த்தே கட்டி மேலேயா கீழேயா என்று ஊகிக்க முடிகிறது என்பது இன்னும் எனக்கு அலுக்காத விஷயம்.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பது வயது ஆகவில்லை. தெற்குக் கடலில் கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தவர். பாறை எப்போதும் பக்கவாட்டில் வந்து இடிக்கிறது என்று அதை விட்டுவிட்டுச் சிப்பி மாலை கோர்க்கும் வேலைக்கு வந்துவிட்டார். அங்கேயும் ஒரு தொந்தரவு. “ஏத்தா, நான் சொன்னாச் சிரிக்காத. ஊசி முனையப் பாத்தா, எதிர்ல உக்காந்திருக்க எம்மகளோட மூஞ்சி காணாமப் போயிருது. ஊசிய விட்டுட்டு அவளப் பாத்தா இருக்கா.” வீட்டில் எல்லோரும் மந்திரித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரோமம்தான் சிலிர்த்தது. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் போய்விட்டால், நாம் உற்றுப் பார்க்கும் புள்ளிக்குப் பின்னால் ஒரு முக்கோண இடம் இரண்டு கண்ணுக்குமே தெரியாமல் போகும். வலது கண்ணுக்கு அது வெளிப்பக்கம், இடது கண்ணுக்கும் வெளிப்பக்கம். ஊசியை ஒரு அடி தூரத்தில் பிடித்தால், நான்கடி தூரத்தில் இருக்கும் முகத்தை விழுங்கும் அளவுக்கு அந்த முக்கோணம் விரிகிறது. பாடப் புத்தகத்தில் வரைபடமாக மட்டுமே பார்த்திருந்ததை, பள்ளிக்கூடம் தாண்டாத ஒரு பெண் வரைபடத்தைவிடத் துல்லியமாகச் சொன்னார். எழுத்துப் பலகையில் அவர் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தார். ஃபீல்டில் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் கறுப்பு, மேல் மூலைகளில் அடர்த்தி அதிகம்.

தாளைப் பார்த்த எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றியது இல்லை. மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அது நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறதாம், “சீக்கிரமே நின்னு போச்சு, நல்லதுதான்னு விட்டுட்டேன்” என்றார். மதுரையில் எம்ஆர்ஐ, ரத்தத்தில் புரோலாக்டின் சோதனை. அளவு மீறினால் மாதவிலக்கை நிறுத்திவிடும் ஹார்மோன் அது. புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டி. தலையில் கட்டி என்றதும் குடும்பம் அழுத அழுகையில், இந்த வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், மாத்திரையில் சுருங்கும் என்று சொல்லிப் புரியவைக்கவே நேரம் ஆனது. சில மாதம் கழித்து எடுத்த தாளில் கறுப்பு நன்றாக வடிந்திருந்தது. மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

இங்கே ஒரு பொறி உண்டு, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு கண்ணில் நடுப்பார்வை போயிருக்கிறது, மறு கண் “நல்லாயிருக்கு” என்கிறார். அந்த நல்ல கண்ணுக்கும் ஃபீல்டு எடுத்தே ஆக வேண்டும். அதில் வெளிப்பக்க மேல் மூலையில் சின்ன மங்கல் இருந்து அது நெட்டுக் கோட்டில் நின்றால், நோய் கண்ணில் இல்லை. நரம்பு கயாஸ்மாவைத் தொடும் சந்தியில் ஏதோ அழுத்துகிறது. நல்ல கண்தான் இங்கே காட்டிக்கொடுக்கும். நேரம் மிச்சம் பிடிக்க ஒரு கண்ணோடு நிறுத்துகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

கயாஸ்மாவுக்குப் பின்னால் அடிபட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போகும். விசைப்படகு டிரைவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகைக் கட்ட வரும்போதெல்லாம் இடப்பக்கம் நிற்கும் படகில் உரசுகிறார். முதலாளி திட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் போன இடத்தில் “இடது கண்ணு” என்று சொல்லியிருக்கிறார். இடது கண்ணில் புரை இருந்தது உண்மைதான், அந்த வயதில் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கண்ணாடியும் போட்டார்கள். எழுத்து பளிச்சென்று தெரிகிறது, படகு இன்னும் உரசுகிறது. “பழகப் பழகச் சரியாகும்” என்று அனுப்பிவிட்டார்களாம். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. ஆனால் இடது கண்ணை ஒரு முறை பொத்திப் பார்த்திருந்தால் அவருடைய தலைவலி வேறு பாதையில் போயிருக்கும். தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. இது தொடங்கிய நாளில் பின்மண்டையில் வலி இருந்ததை நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

இரண்டு தாளும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன: இடது பாதி கறுப்பு, நெட்டுக் கோட்டில் நேராக வெட்டு, நடுவில் மட்டும் ஒரு சின்னத் தீவு தப்பியிருந்தது. இதில் மூன்று செய்தி இருக்கிறது. இடது பாதி என்றால் மூளையின் வலப்பக்கம். இரண்டு கண் தாளும் எவ்வளவுக்கெவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்குப் பின்னால், அதாவது பின்மண்டைப் பக்கம். கயாஸ்மாவை ஒட்டிய பாதையில் அடிபட்டால் இரண்டும் ஏறுமாறாக இருக்கும், கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். நடுத்தீவு தப்பியது, பின்மண்டையின் நுனிக்குப் பலருக்கு இரண்டு ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தம் வருவதால். ஒன்று அடைத்தாலும் மற்றது காப்பாற்றும். சிடி ஸ்கேனில் வலது பின்மூளையில் பழைய ஸ்ட்ரோக். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, அதனால் ஸ்ட்ரோக் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு ஓர் இடைக்குறிப்பு: ஃபீல்டு தாள் நோயாளி பார்ப்பது போலவே இருக்கும், அவருடைய இடது நமக்கும் இடது. சிடி படத்தில் அவர் நம் பக்கம் காலை நீட்டிப் படுத்திருக்கிறார், அவருடைய வலது நமக்கு இடது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் குழம்பி நிற்காத ஆளை நான் பார்த்ததில்லை.

கயாஸ்மாவுக்கும் பின்மண்டைக்கும் நடுவில் அடிபட்டால் விழும் கால் பங்கு ஓட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதையின் கீழ் இழைகள் காதுக்கு மேலுள்ள மூளைப்பகுதி வழியாக முன்னால் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போகின்றன. அங்கே அடிபட்டால் எதிர்ப்பக்க மேல் கால்பகுதி போகும்; வலிப்புக்காக அந்தப் பகுதியில் அறுவை செய்தவர்களிடம் பார்க்கலாம். மேல் இழைகள் உச்சிப் பக்க மூளை வழியாகப் போகின்றன, அங்கே அடிபட்டால் கீழ் கால்பகுதி. வாழ்க்கைக்குக் கீழ்க் கால்பகுதி இழப்புதான் அதிகத் தொந்தரவு. படகிலிருந்து ஜெட்டிக்குக் கால் வைப்பது, படி இறங்குவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இந்த வரைபடம் எப்படிக் கிடைத்தது என்ற கதை கொஞ்சம் கசப்பானது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ரஷ்யத் துப்பாக்கிகளின் குண்டு சிறியது, வேகமானது. மண்டையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியும் சில வீரர்கள் பிழைத்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது, எவ்வளவு ஓய்வூதியம் என்று கணக்கிடும் வேலை தத்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு வந்தது. அவர் குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளக்கத் தனிக் கருவி செய்து, குண்டு மூளையில் போன பாதையைக் கோடிட்டு, அதைப் பார்வையில் விழுந்த ஓட்டையோடு பொருத்தினார். 1909இல் புத்தகமாக வந்தது. முதல் உலகப் போரில் கோர்டன் ஹோம்ஸ் பிரிட்டிஷ் வீரர்களிடம் அதே வேலையை இன்னும் விரிவாகச் செய்தார். பின்மண்டையின் நுனியில் நடுப்பார்வை, உள்ளே முன்னோக்கிப் போகப் போக ஓரப்பார்வை. எம்ஆர்ஐ வந்த பிறகு 1991இல் ஹார்ட்டனும் ஹோய்ட்டும் அந்த வரைபடத்தைத் திருத்தினார்கள்: பார்வையின் நடுவில் உள்ள 10 டிகிரிக்கே பார்வைப் புறணியில், அதாவது பின்மண்டையில் பார்வையைக் கவனிக்கும் மூளை மேற்பரப்பில், பாதிக்கும் மேல் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து இவ்வளவு பெரிய அறிவு கிளம்பியதை நினைத்தால், அரசு அலுவலகக் கோப்புகள் மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வருகிறது. சில நிமிடம் இருக்கும்.

அதே முதல் உலகப் போரில் ரிடாக் என்பவர் இன்னொன்றைக் கவனித்து 1917இல் எழுதினார்: குருடான பாதியில் நிற்கும் பொருள் தெரியாதவர்களில் சிலருக்கு, அது அசைந்தால் மட்டும் தெரிகிறது. எங்கள் டிரைவர் இதைத் தானாகவே சொன்னார். “கட்டிக் கிடக்கிற போட்டு தெரியாதுத்தா. ஓடுற போட்டு என்னமோ போற மாதிரி இருக்கும்.” அவர் இனி படகு ஓட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப் போன பார்வையில் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான். அவருக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. எதைப் பார்ப்பதானாலும் முதலில் கண்ணை இடது ஓரம் வரை ஓட்டிவிட்டு அப்புறம் திரும்பு என்று பழக்கினோம். கூட்டத்தில், கோயிலில், கல்யாண வீட்டில் இடது ஓரமாக உட்காரச் சொன்னேன். அப்போது எல்லோரும் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். இப்போது கரையில் வலை சீர் பார்க்கிறார், புதுப் பையனுக்குப் படகு கட்டச் சொல்லித் தருகிறார்.

வலது பாதி போனவர்களிடம் ஒரு தாளில் பேரும் ஊரும் எழுதச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுதியதையே படிக்கச் சொல்வேன். சிலர் அழகாக எழுதுவார்கள், படிக்க முடியாது. 1892இல் டெஜெரின் விவரித்தது இதுதான்: இடது பின்மூளையும், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாலத்தின் பின்பகுதியும் அடிபட்டால், வலது மூளை பார்க்கும் எழுத்து இடது மூளையின் படிக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. இவர்களையும் “பவர் கூடிருச்சு” என்று கண்ணாடி மாற்றக் கூட்டிவருவார்கள்.

இவ்வளவும் மெஷின் இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ முகாம் போட்டால் மெஷினையா தூக்கிக்கொண்டு போகிறோம்? நோயாளிக்கு எதிரே ஒரு மீட்டர் தூரத்தில், கண்ணும் கண்ணும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். அவர் இடது கண்ணைப் பொத்தினால் நான் வலது கண்ணை மூடிக்கொள்வேன். “என் மூக்கையே பாருங்க.” இருவருக்கும் நடுவில், நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக ஒரு விரல், இரண்டு விரல், முழுக்கை. எத்தனை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிவது அவருக்கும் தெரிய வேண்டும், என் கண்தான் அளவுகோல். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விரல் காட்ட வேண்டும். தனித்தனியாகக் காட்டினால் சொல்பவர், சேர்த்துக் காட்டும்போது ஒரு பக்கத்தை விட்டுவிட்டால், அது பார்வையைவிடக் கவனத்தின் கோளாறு, பெரும்பாலும் வலது உச்சிப் பக்க மூளை. கடைசியில் மருந்து பாட்டிலின் சிவப்பு மூடி. நெட்டுக் கோட்டின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறு பக்கம் வெளுத்தும் தெரிந்தால், விரலை எண்ண முடிந்தாலும் நான் விட மாட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம்.

முகாம் நடத்துகிறவர்களோடு எனக்கு இதில்தான் சண்டை. எழுத்துப் பலகை, டார்ச், புரையா இல்லையா, அடுத்த ஆள். நாளுக்கு எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது பேனரில் போட வசதியான எண். பார்வையின் பாதி போனவர் அந்த வரிசையில் 6/6 படித்துவிட்டு, கூடாரக் கம்பியில் இடித்துக்கொண்டு வெளியே போவார். நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் விரல் சோதனை வேண்டும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் முகாமுக்கு என்னைக் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது, பரவாயில்லை.

தாளில் வருவதெல்லாம் நோயும் இல்லை. மேல் இமை தொங்கினால் மேல் பாதி கறுப்பாகும். டேப் ஒட்டி இமையைத் தூக்கிவிட்டு மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். முதல் முறை எடுக்கும் டெஸ்ட் யாருக்கும் சுமாராகத்தான் வரும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பரீட்சை நேரத்தில் சில பிள்ளைகளுக்குக் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். அப்படி வந்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு அகலம் தெரிகிறது, இரண்டு மீட்டரில் எவ்வளவு என்று பார்ப்போம். உண்மையான சுருக்கமாக இருந்தால் தூரம் கூடக் கூட அகலமும் கூட வேண்டும். கூடவில்லை என்றால் கண்ணையும் மூளையையும் விட்டுவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பேச வேண்டும். “நடிக்கிறா” என்று அம்மா முன்னால் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய ஃபீல்டு தாள்களைக் கொண்டுவாருங்கள், இரண்டு கண்ணுடையதையும். கருவாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் பழைய மெஷின் சூடு பட்டால் கறுக்கும் தாளில் அச்சிடுவது. போன தடைக்காலத்தில் ஒருவர், பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லேமினேட் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணிலும் மேல் கீழ், இடம் வலம், ஒரு புள்ளி விடாமல் முழுக் கறுப்பு. பயிற்சிக்கு வந்த பெண் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுக்கு எந்த இடம்னு சொல்றது?” என்று என்னைக் கேட்டாள்.